குளிசைப் பையையும் கொண்டு வாருங்கள்

வாசகர் கேள்வி, மருந்தாளர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளை, போன வருசம் லண்டனில் மகளிடம் நின்றபோது ஒருநாள் இரவு நெஞ்சு இறுக்கி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு ஒரு பெட்டை வந்து, தான் பாமசிஸ்ட் என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, நான் போடுகிற குளிசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். கைவைத்தியம், கஷாயம் வரைக்கும் விடவில்லை. பாமசிஸ்டுக்கு அங்கே என்ன வேலை? இங்கே அவர்களை மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள்ளே மட்டும்தானே கண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஏன் அப்படி இல்லை?
- ஒரு வாசகி, முள்ளியவளை

அம்மா, சுகமாகத் திரும்பி வந்ததே பெரிய சந்தோசம். அந்தப் பிள்ளை உங்களிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒருவருக்கு வைத்தியர் முதலில் பார்ப்பது மூச்சு, நாடி, பிரஷர். அடுத்தது மருந்து. அந்த மருந்து நீங்கள் ஏற்கெனவே போட்ட குளிசையோடு மோதுமா, உங்கள் சிறுநீரகம் அதைத் தாங்குமா, உங்கள் எடைக்கு எவ்வளவு, எந்தச் சேலைனில் கலக்கலாம், எவ்வளவு வேகத்தில் ஏற்றலாம் என்று பத்துக் கேள்வி அந்த நிமிடத்திலேயே வரும். வைத்தியரின் கண் நோயாளியில் இருக்க, இந்தக் கேள்விகளைப் பொறுப்பெடுத்துப் பார்க்கிறவர்தான் கிளினிக்கல் பாமசிஸ்ட். இங்கிலாந்தில் ஒருவரை வைத்தியசாலையில் அனுமதித்தால் 24 மணித்தியாலத்துக்குள் அவருடைய மருந்துப் பட்டியலைச் சரிபார்த்து முடிக்க வேண்டும் என்பது வழிகாட்டல். உங்களுடைய பட்டியலைத்தான் அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டு போனார்.

இந்த வேலை 1960களில் அமெரிக்காவில் மருந்தாளர்கள் களஞ்சியத்தை விட்டு வாட்டுக்கு ஏறியதோடு தொடங்கியது. 1970களில் அவசரப் பிரிவுக்குள்ளும் போனார்கள். பொஸ்டன் நகர வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், காலையில் வைத்தியர்கள் கட்டிலுக்குக் கட்டில் போகும்போது மருந்தாளரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். மருந்து எழுதும்போது நேரும் பிழைகளால் வரும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 66% குறைந்தன. 1999இல் வெளியான முடிவு அது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு தகவல்: மருந்தாளர் சொன்ன 366 யோசனைகளில் 362ஐ வைத்தியர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று நேரத்தோடு சொன்னால் வைத்தியர்கள் கேட்கிறார்கள். மருந்து ஏறி முடிந்த பிறகு, கீழே பாமசியில் இருந்து துண்டு எழுதி அனுப்பிப் பயனில்லை.

நெடுங்கேணிப் பக்கத்து ஐயா ஒருவரைச் சொல்கிறேன். விடியப்புறம் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பிள்ளைகள் பாரிசவாதம் என்று பயந்து கொண்டுவந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சீனி 38, மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து தண்ணீர் கேட்டார். வீட்டாருக்கு உயிர் வந்தது, உடனே கூட்டிப்போகலாமா என்று கேட்டார்கள். மகளிடம் அவருடைய குளிசைகளைக் கேட்டேன். சொப்பிங் பை ஒன்றை எடுத்துக் கட்டிலில் கொட்டினார். வாட்டு மேசை நிறையும் அளவுக்கு உறைகள், வெட்டிய அட்டைத் துண்டுகள், பெயரே இல்லாத வெள்ளைக் குளிசைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினால், சீனியைக் குறைக்கக் கிளினிக்கில் கொடுத்த கிளிக்கிளசைட் ஒரு பக்கம். வெளியே கடையில் வாங்கிய, கம்பனிப் பெயர் போட்ட அதே கிளிக்கிளசைட் மறுபக்கம். ஐயா இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். கிளினிக் கொப்பியில் அவருடைய சிறுநீரகமும் பழுது என்று எழுதியிருந்தது. இப்படிப்பட்டவருக்குச் சீனி ஒருமுறை ஏறிவிட்டது என்று வீட்டுக்கு விட முடியாது. குளிசை உடம்பை விட்டுப் போகும்வரை திரும்பத் திரும்ப இறங்கும். வைத்தியரிடம் சொன்னோம், மறித்து வைத்துப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் திரும்பவும் இறங்கியது. வீட்டில் என்றால் நித்திரை என்று நினைத்து விட்டிருப்பார்கள்.

ஊசியும் மெசினும் எவ்வளவு இருந்தாலும், அந்தப் பை வராவிட்டால் இது தெரிந்திருக்காது. ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன்: 1990க்கு அடித்து அம்புலன்ஸ் வரும் இடைவெளியில் அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரு பையில் போடுங்கள். தெரிந்தெடுக்க வேண்டாம், கிடப்பதை அப்படியே அள்ளிப் போடுங்கள். நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டு அக்கா தந்த குளிசை, எல்லாம் வரட்டும். யாரும் ஏச மாட்டார்கள்.

நெஞ்சு வருத்தக்காரருக்கு இது இன்னும் முக்கியம். லண்டனில் என்றால் இதயத்தில் அடைத்த இரத்தக்குழாயை உடனே திறக்கும் கூடம் கிட்ட இருக்கும். வன்னியின் பல ஊர்களிலிருந்து அப்படியொரு கூடத்துக்கு வெகுதூரம் போக வேண்டும். அதனால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கேயே போடப்படும். அதில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்பதை முன்பு ஒருதடவை ஏற்றியவருக்குத் திரும்ப ஏற்றுவதில்லை. உடம்பு அதற்கு எதிர்ப்பு வைத்திருக்கும், மருந்து வேலை செய்யாது, ஒவ்வாமையும் வரலாம். அப்போது வேறு மருந்து தேட வேண்டும். முதல்முறை மாரடைப்பு வந்து வீட்டுக்கு விட்டபோது தந்த அட்டையில் அது எழுதியிருக்கும். அந்த அட்டையை அலுமாரிக்குள் காணி உறுதியோடு பூட்டி வைத்துவிட்டு வருகிறவர்கள் அநேகம். வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை பாவிப்பவர்களும் வாய் திறந்து முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊரில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். இலங்கையில் அரச மருந்தாளரின் வேலை பெரும்பாலும் நீங்கள் கண்ட ஜன்னலோடும் களஞ்சியத்தோடும் நின்றுவிடுகிறது. இங்கேயும் ஒரு போதனா வைத்தியசாலையில் வாட்டுக்குள் மருந்தாளரை வைத்து ஆய்வு செய்து, மருந்துப் பிரச்சினையால் நோயாளர் திரும்ப வருவது குறைந்தது என்று 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். என்றாலும் இரவில் அவசரப் பிரிவுக்குள் ஒரு மருந்தாளர் நிற்பது இன்னும் எங்களுக்கு வாய்க்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் பகலில் போய்வருகிறோம், அதுவும் அங்குள்ள வைத்தியர்கள் விரும்பிக் கூப்பிட்டதால். பெரிய வைத்தியசாலைக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டிய ஊர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கொழும்பில் ஒரு பிழையைத் திருத்தப் பக்கத்து வாட்டில் ஆள் உண்டு. எங்களுக்கு A9 வீதிதான் உண்டு.

அரிவு வெட்டு நேரம் மகனைப் பாம்பு கடித்துவிட்டது. ஓடிப் போனால், இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகும் மருந்து கலக்குகிறோம் என்று நேரம் போனது. உடனே ஏற்றியிருக்கக் கூடாதா?
- ஒரு கமக்காரர், ஒட்டுசுட்டான்

ஐயா, பிள்ளையின் கால் வீங்கிக்கொண்டு போக, தகப்பன் நின்று பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று விளங்குகிறது. ஆனால் அந்த இருபது நிமிடம் வீணாகப் போனதல்ல. புடையனின் விஷம் இரத்தத்தை உறையவிடாது. கழுவிக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தத்தை விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாகாமல் தண்ணீராக ஓடினால் விஷம் உள்ளே ஏறிவிட்டது, மருந்து தேவை. உறைந்திருந்தால் பொறுத்துத் திரும்பவும் பார்ப்பார்கள்.

ஏன் இவ்வளவு யோசனை என்றால், விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. நம் உடம்பு அதை இலகுவில் ஏற்காது. இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில் நால்வரில் மூவருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. அதே ஆய்வுதான் வழியையும் காட்டியது. மருந்து ஏற்றுமுன் 0.25 மில்லிகிராம் அட்றினலினைத் தோலுக்குக் கீழே போட்டால், முதல் மணித்தியாலத்தில் வரும் கடுமையான ஒவ்வாமை 43% குறைகிறது. 2011இல் வந்த இந்த முடிவை உலகம் முழுவதும் படிக்கிறார்கள். தந்தது எங்கள் நாட்டு வயல்களில் கடிபட்ட சனம்.

இனிக் கலக்கும் கதை. மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் இருக்கும். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லிலீற்றர் ஊசித் தண்ணீர் விட்டு, உள்ளங்கைக்குள் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரம் என்று குலுக்கினால் நுரை தள்ளி, சிறிஞ்சுக்குள் காற்றும் நுரையுமாக வரும், மருந்து வராது. பத்தோ இருபதோ குப்பி தேவை. ஒருவர் தனியே நின்று செய்தால் எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பாருங்கள். மருந்தாளர் அங்கே நின்றால், இரத்தம் குழாயில் இருக்கும்போதே குப்பிகளை எடுத்து அடுக்கி, திகதி பார்த்து, அட்றினலினையும் அளந்து பெயர் ஒட்டி வைப்பார்.

அந்த அட்றினலினில்தான் எனக்கு எப்போதும் நெஞ்சு பதறும். 1 மில்லிலீற்றர் கொண்ட அதே சின்னக் கண்ணாடிக் குப்பி. பாம்பு மருந்துக்கு முன் கால்வாசி, தோலுக்குக் கீழே. ஒவ்வாமை வந்துவிட்டால் பெரியவருக்கு அரைவாசி, தொடைத் தசையில். இதயம் நின்றால் முழுவதும், ஐதாக்கி நரம்பில். இடம் மாறினால் காப்பாற்றும் மருந்தே கொன்றுவிடும். சத்தமும் அழுகையும் நிறைந்த அறையில் “எந்த வழியால், எவ்வளவு” என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை எட்டடி விரியன் கடித்தால் நோவே இருக்காது, அடையாளமும் தெரியாது. விடிய வயிற்றுக்குத்து, இமை பாரம், விழுங்கக் கஷ்டம் என்றால் உடனே கொண்டு வாருங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வரும் நேரத்தில் பிள்ளையைக் கொண்டு வாருங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். தாதி முதலில் கேட்டது “எத்தனை கிலோ?” என்று. அந்த நேரத்தில் அதுவா முக்கியம்?
- ஒரு தாய், மல்லாவி

தங்கச்சி, அதுதான் முக்கியம். பிள்ளைகளுக்கு அநேகமாக எல்லா மருந்தும் எடைக்குத்தான். வலிப்பை நிறுத்தும் மருந்து குறைந்தால் நிற்காது, கூடினால் மூச்சு நின்றுவிடும். பாம்பு விஷமுறிவு இதற்கு விதிவிலக்கு. பெரியவருக்கும் குழந்தைக்கும் பாம்பு ஒரே அளவு விஷத்தைத்தான் இறக்கும் என்பதால் இருவருக்கும் ஒரே அளவு மருந்து.

வீட்டு மருந்தையும் சொல்லிவிடுகிறேன். பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 12 கிலோப் பிள்ளைக்கு 180. போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 என்று இருந்தால் 7.5 மில்லிலீற்றர். 250 என்று இருந்தால் 3.6 மட்டும். கடையில் இரண்டு விதமும் இருக்கும், இரண்டும் பாணிதான். பழைய போத்தலின் அளவில் புதியதைக் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். போத்தலை வாங்கும்போதே எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டு அதிலேயே எழுதுவியுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் அவசரப் பிரிவில் சொல்லுங்கள்.

சொந்தக்காரப் பெடியன் ஒருவன் மனம் உடைந்து, பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி குடித்துவிட்டான். தப்பிவிட்டான், கடவுளே என்று இப்போது வேலைக்கும் போகிறான். அன்று அவனுக்கு ஊசிமேல் ஊசியாக உடைத்து ஏற்றினார்கள். அவ்வளவு மருந்து உடம்புக்கு ஆகுமா என்று இன்றும் எனக்குப் பயம்.
- பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பயப்பட வேண்டாம். அந்த ஊசிகள்தான் அவனை உங்களிடம் திருப்பித் தந்தன. சில வகைக் கிருமிநாசினிகள் நெஞ்சுக்குள் சளியை ஊற்றெடுக்க வைத்து மூச்சை அடைக்கும். அதற்கு மாற்று அற்றோபின். முதலில் ஓர் அளவு கொடுத்து ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். நெஞ்சு காயாவிட்டால் அதன் இரட்டிப்பு, பிறகு அதன் இரட்டிப்பு. ஒரு ஊசிக்குப்பியில் 0.6 மில்லிகிராம்தான். 3 மில்லிகிராமுக்கு ஐந்து குப்பி, அடுத்து பத்து, அடுத்து இருபது. பதினைந்து நிமிடத்துக்குள் முப்பத்தைந்து கண்ணாடிக் கழுத்துகளை உடைக்க வேண்டும். நீங்கள் கண்டது அதைத்தான். அன்று இரவு அலுமாரியில் அத்தனை குப்பி இருந்ததென்றால், யாரோ ஒரு மருந்தாளர் முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கணக்கை யாரும் காண்பதில்லை, ஆனால் மருந்து தீர்ந்த இரவை ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்க மறக்காது.

நஞ்சு என்றால் போத்தலை, குறைந்தது அதன் லேபிளையாவது கொண்டு வாருங்கள். எல்லா நஞ்சுக்கும் ஒரே மாற்று இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தைக் கேட்டு அறிய எங்களுக்குச் சரியான பெயர் வேண்டும். மண்ணெண்ணெய், கிருமிநாசினி எதுவானாலும் வீட்டில் வைத்து விரல் விட்டுச் சத்தி எடுக்க வைக்க வேண்டாம்.

பெடியனோடு இடைக்கிடை மனம் விட்டுக் கதையுங்கள். அவனுக்கோ உங்களுக்கோ பாரமாக இருந்தால் 1926க்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது.

கிட்னிக் கிளினிக்குக்குப் போகிறேன். நாரிப்பிடிப்புக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறேன், நல்ல சுகம். தொடரலாமா?
- ஒரு வாசகர், செட்டிகுளம்

இன்றே நிற்பாட்டுங்கள். நோவைக் குறைத்துக்கொண்டே மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். உங்கள் பகுதியில் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. நோவுக்கு என்ன போடலாம் என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். டெங்குக் காய்ச்சல் காலத்தில் இந்தக் குளிசை யாருக்குமே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

அக்கா, நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். டொக்டருக்குக் கிடைக்காவிட்டால் பாமசி செய் என்கிறார்கள். அவசரப் பிரிவில் வேலை செய்யும் மருந்தாளராக வர என்ன படிக்க வேண்டும்?
- ஒரு மாணவி, கிளிநொச்சி

தங்கச்சி, கிடைக்காவிட்டால் என்று வராதீர்கள், விரும்பி வாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே நான்கு வருட மருந்தாளர் பட்டப்படிப்பு இருக்கிறது, பேராதனையிலும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரவிலும் இருக்கிறது. இரசாயனவியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கில் தசமப் புள்ளி ஒன்று பிழைத்தால் பத்து மடங்கு என்பதால் அதில் கவனம் பழகுங்கள். சிங்களமும் கதைக்கப் பழகுங்கள், எங்கள் வாட்டுகளுக்கு இரு மொழிச் சனமும் வருகிறது.

அவசரப் பிரிவு மருந்தாளர் என்ற பதவி இன்று உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். முதலில் ஜன்னலில்தான் இருப்பீர்கள். அங்கேயும் ஒவ்வொரு அம்மாவிடமும் வேறென்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினால் வைத்தியர்கள் உங்களைத் தேடி வருவார்கள். எங்களை அப்படித்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நீங்கள் படித்து முடித்து வருவதற்குள் பதவியாகவே உருவாக வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் குளிசையின் நிறத்தை மட்டும் எழுதாமல், அட்டையிலோ உறையிலோ உள்ள பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து எழுதி அனுப்புங்கள்.